விழுந்த குருவியும் பரமபிதாவும்



ஆகாயத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கும்படி நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் நமக்குக் கற்பித்தார் (அர்ச். மத்தேயு, 6-ம் அதிகாரம்). நாமோ பறவைகளுக்கு இரை கொடுக்கிறவர் நமக்கும் கொடுப்பார் என்ற ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டு, பறவையைப் பார்க்காமலே போய்விடுகிறோம். இன்று கொஞ்ச நேரம் ஆண்டவர் சொன்னபடியே பறவைகளைப் பார்ப்போம். அதற்காக, ஓர் அர்ச்சியசிஷ்டவர் தபசு செய்து உயிர்விட்ட ஒரு தீவுக்கு மனதினால் பிரயாணம் செய்வோம்.

இங்கிலாந்து தேசத்தின் வடகிழக்கில் நார்தம்பர்லாந்து என்ற சீமை இருக்கிறது. அதன் கடற்கரைக்கு எதிரே, கரையிலிருந்து படகில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், ஃபார்ன் தீவுகள் இருக்கின்றன. எல்லாம் கரும்பாறைத் திட்டுகள். கடல் வற்றும்போது எண்ணினால் கூடுதலாகவும், பெருகும்போது எண்ணினால் குறைவாகவும் இருக்கும். 676-ம் ஆண்டில், லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சேர்ந்த அர்ச். குத்பெர்ட் என்ற சந்நியாசி அங்குள்ள ஒரு தீவில் தனியாக வாசம் பண்ணப் போனார். தம் குடிசையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிக்கொண்டார். உள்ளே இருந்தால் ஆகாயத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகாயத்தில் பறவைகள் தெரியும்.

இன்றைக்கும் அந்தத் தீவுகள் பறவைகளின் ராஜ்யம்தான். 1925-ம் ஆண்டு முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் அவற்றைப் பராமரித்து வருகிறது. கோடை பிறக்கும் மே, ஜூன் மாதங்களில் அங்கே போகிறவர்கள் காணும் காட்சியைச் சொல்கிறேன்.

செங்குத்தான பாறை விளிம்புகளில் கில்லிமாட் என்ற பறவைகள் தோளோடு தோள் உரச நெருங்கி நிற்கும். கூடு கட்டாது, வெறும் பாறையின் மேலேயே ஒரே ஒரு முட்டை இடும். தீவின் மேல் மண்ணில் பஃபின் பறவைகள் வளை தோண்டியிருக்கும். வண்ண வண்ண அலகுள்ள சிறு பறவைகள் அவை. அவையும் ஒரே முட்டைதான் இடும். வளையின் இருட்டில் குஞ்சு காத்திருக்க, தாயும் தகப்பனும் மாறி மாறிக் கடலுக்குப் போய், அலகு நிறையச் சிறு மீன்களை வரிசையாகக் கவ்விக்கொண்டு வரும். பாறைகளுக்குக் கீழே தண்ணீரில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் தலையை நீட்டி வேடிக்கை பார்க்கும்.

நடைபாதை ஓரத்திலேயே ஆர்ட்டிக் ஆலாக்கள் முட்டையிட்டிருக்கும். கிட்டே போனால் பறந்து வந்து தலையில் கொத்தும். தொப்பி இல்லாமல் அங்கே யாரும் நடக்க மாட்டார்கள். இந்த ஆலாவின் எடை சுமார் நூறு கிராம். 2015-ம் ஆண்டு ஜூலை மாதம் ஃபார்ன் தீவிலிருந்து புறப்பட்ட ஓர் ஆலாவின் காலில் சிறு கருவி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அது தென்துருவக் கடல் வரை போய், மறு வருஷம் மே மாதம் அதே தீவுக்குத் திரும்பி வந்தது. அது பறந்த தூரம் சுமார் 96,000 கிலோமீட்டர். கைப்பிடி அளவு உயிருக்கு இவ்வளவு பெரிய வழியைக் காட்டிய சர்வேசுரனுடைய ஞானத்தை என்னவென்று சொல்ல!

எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது ஈடர் என்ற வாத்துதான். அந்தப் பக்கத்து ஜனங்கள் அதைக் குத்பெர்ட்டின் வாத்து என்றே அழைக்கிறார்கள். அர்ச். குத்பெர்ட் அவற்றை அடைக்கலமாக வைத்துக் காத்தார் என்பது பாரம்பரியம். பெட்டை வாத்து தன் மார்பிலுள்ள மென்மையான தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டில் மெத்தையாகப் பரப்பி, முட்டைகளின் மேல் உட்காரும். ஏறக்குறைய இருபத்தைந்து நாள் அசையாமல் இருக்கும். இரை தேடப் போவதே அரிது. நாளுக்கு நாள் மெலிந்துபோகும். மழை பெய்தாலும், காற்று அடித்தாலும், மனிதர் பக்கத்தில் வந்து நின்றாலும் எழுந்திருக்காது. அதற்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்: விட்டுப்போகாமல் உட்கார்ந்திருப்பது.

இதோடு நிறுத்திக்கொண்டால் பிரசங்கம் இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் ஆண்டவர் பார்க்கச் சொன்னார்; அழகானதை மட்டும் பாருங்கள் என்று சொல்லவில்லை.

2022-ம் ஆண்டு கோடையில் பறவைக் காய்ச்சல் அந்தத் தீவுகளில் புகுந்தது. பாறை விளிம்புகளிலிருந்து பறவைகள் செத்துக் கடலில் விழுந்தன. கூட்டில் குஞ்சுகள் காத்திருந்தபடியே செத்தன. தீவுக் காவலர்கள் உடல் முழுவதும் மூடும் உடை அணிந்து, செத்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள். அப்படிப் பொறுக்கியவை மாத்திரம் 6,000-க்கு மேல். கடல் கொண்டுபோனவற்றுக்குக் கணக்கில்லை. வெளியார் தீவில் இறங்குவது நிறுத்தப்பட்டது. பிறகு நோய் தணிந்து, தீவு மறுபடியும் திறக்கப்பட்டது. 2024-ல் எண்ணியபோது பஃபின்கள் சுமார் 50,000 இணைகள் இருந்தன. அது சந்தோஷம்தான். ஆனாலும் திரும்பி வந்தவற்றைக் காட்டிச் செத்தவற்றை மறைக்கக் கூடாது.

பறவைகளைப் போஷிக்கிற பரமபிதா அந்தக் கோடையில் எங்கே இருந்தார்?

இந்தக் கேள்வி பறவைகளைப் பற்றியது மட்டும் அல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டில் ஆறு வயதுக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிற்று. ஜெபம் சொல்லப் போயிருந்தேன். அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்து, "சாமி, குருவியைக்கூடக் கடவுள் பாத்துக்கிறார்னு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க? என் புள்ளை குருவியை விடக் குறைச்சலா?" என்று கேட்டாள். நான் அவசர அவசரமாக ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. அவளுடைய கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.

அதற்குப் பின்தான் சுவிசேஷத்தை மறுபடியும் நிதானமாக வாசித்தேன். குருவியைப் பற்றி நம் ஆண்டவர் அர்ச். மத்தேயு 10-ம் அதிகாரத்தில் பேசுகிறார். அற்ப காசுக்கு இரண்டு விற்கப்படும் குருவிகள். அவை விழாது என்று அவர் சொல்லவே இல்லை, பிரியமானவர்களே! பரமபிதா இல்லாமல் அவற்றில் ஒன்றும் தரையில் விழுவதில்லை என்பதுதான் அவர் கற்பித்தது. விழுகிறது, ஆனால் தனியாக விழுவதில்லை. அது விழும் இடத்தில் பிதா இருக்கிறார். நம் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்றும் அங்கேயே சொல்லுகிறார். மயிர் உதிராது என்று வாக்குக் கொடுக்கவில்லை. உதிர்வது எதுவும் அவர் கணக்குக்குத் தப்பாது என்கிறார்.

அர்ச். குத்பெர்ட்டின் மரணத்தைப் பாருங்கள். அவருடைய சரித்திரத்தை அர்ச். பீட் எழுதியிருக்கிறார். விருந்தாளிகள் தங்கும் குடிசையின் கூரையைப் பிய்த்த அண்டங்காக்கைகளைக் குத்பெர்ட் கடிந்துகொண்டதாகவும், அவற்றுள் ஒன்று மனஸ்தாபப்பட்டதுபோல் தலை குனிந்து திரும்பி வந்ததாகவும் அதில் வாசிக்கிறோம். அவ்வளவு அதிசயங்கள் கண்ட மனிதர், மேற்றிராணியார் பட்டத்தையும் விட்டுவிட்டுத் தீவுக்குத் திரும்பி, அங்கே நோயில் விழுந்தார். கடல் கொந்தளித்ததால் ஐந்து நாள் ஒருவரும் அவரிடம் போக முடியவில்லை. சந்நியாசிகள் வந்து சேர்ந்தபோது அவரிடம் இருந்த ஆகாரம் ஐந்து வெங்காயம். அதில் ஒன்றிலே பாதிகூடத் தின்றிருக்கவில்லை. அந்த ஐந்து நாளும் எந்தப் பறவையும் அவருக்கு அப்பம் கொண்டுவரவில்லை. ஆனாலும் பிதா அங்கே இருந்தார். 687-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி, தேவநற்கருணை உட்கொண்டு, கைகளை வானத்தை நோக்கி உயர்த்தியபடி அவர் ஆத்துமத்தை ஒப்புக்கொடுத்தார்.

கல்வாரியில் தேவசுதன் தலை சாய்த்தபோதும் பிதா அவரைக் கீழே இறக்கிவிடவில்லை. ஆனால் விட்டுப்போகவும் இல்லை. உயிர்ப்பு ஞாயிறன்று அதை உலகம் அறிந்துகொண்டது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? அந்தக் கடைசி நாட்களில் படகில் வந்த சந்நியாசிகள் குத்பெர்ட்டுக்கு வேதசாஸ்திரம் போதிக்கவில்லை. வெந்நீர் வைத்து, அவருடைய புண்பட்ட காலைக் கழுவினார்கள். கொஞ்சம் திராட்சரசம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தார்கள். பரமபிதா கூடவே இருக்கிறார் என்பதைத் துக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் நம் மூலமாகத்தான் அறிந்துகொள்கிறார்கள்.

நம் பங்கிலும் சாவு கண்ட வீடுகள் உண்டு. முதல் வாரம் எல்லோரும் போகிறோம். "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறோம். நாற்பதாம் நாளுக்கு அப்புறம் அந்த வாசலை மிதிக்கிறவர் யார்? ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தீர்மானம் செய்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போங்கள். போகும்போது ஒரு பாத்திரம் கஞ்சியோ குழம்போ கொண்டுபோங்கள். காரணம் சொல்ல வேண்டாம். அந்த ஈடர் வாத்தைப்போல் சும்மா உட்கார்ந்திருங்கள். அவர்கள் அழுதால் அழட்டும். இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அந்தப் பெயரைப் பிதா மறக்கவில்லை. நாமும் மறக்கவில்லை என்று அவர்கள் அறியட்டும்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்லுகிறேன். இல்லை அம்மா, உன் பிள்ளை குருவியை விடக் குறைச்சல் இல்லை. குருவி விழுந்த இடத்தில் இருந்தவர், உன் பிள்ளை கண் மூடிய இடத்திலும் இருந்தார்.

வியாகுல மாதாவே, சிலுவையடியில் விட்டுப்போகாமல் நின்றவளே, துக்கப்படுகிறவர்களின் பக்கத்தில் நிற்கும் மனதை எங்களுக்கும் உம்முடைய திருக்குமாரனிடம் பெற்றுத் தாரும்.

ஆமென்.