காது திறந்தால் நாவு திறக்கும்



ஞானஸ்நானச் சடங்கின் இறுதிப் பகுதியில் ஒரு சிறு செய்கை உண்டு. அந்நேரத்தில் பெரும்பாலும் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும். படம் பிடிப்பவர் குறுக்கே நிற்பார். ஞானத்தாய் துவாலையைத் தேடிக்கொண்டிருப்பார். ஆனபடியினால் அதை யாரும் கவனிப்பதில்லை. குருவானவர் தம் பெருவிரலால் குழந்தையின் காதுகளைத் தொடுகிறார். பிறகு வாயைத் தொடுகிறார். காது ஆண்டவருடைய வாக்கியத்தைக் கேட்கவும், வாய் விசுவாசத்தை அறிக்கையிடவும் வேண்டுமென்று மன்றாடுகிறார். எப்பத்தா என்னும் சடங்கு இது. முதலில் காது, பிறகு வாய். இந்த வரிசையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். விசேஷமாய், கைக்குழந்தையும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டாரோடு.

அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். செவிடும் திக்குவாயுமான ஒருவனைச் சேசுநாதரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போகிறார், காதுகளில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்செறிந்து, திறக்கப்படும்படி கட்டளையிடுகிறார். காது திறந்தது; நாவின் கட்டும் அவிழ்ந்தது. இன்று குழந்தை வைத்தியரிடம் கேட்டாலும் இதே வரிசையைத்தான் சொல்லுவார். காதில் விழாத பேச்சு நாவில் வராது. நாவில் வராத சொல்லைப் புத்தகத்தில் கண்டாலும் பிள்ளைக்கு அது வெறும் கோடும் சுழியுமேயன்றி வேறல்ல.

சர்வேசுரன் இந்தக் காதை எவ்வளவு சீக்கிரம் திறந்து வைக்கிறார்! கர்ப்பத்தின் ஆறாம் மாதமளவில் சிசு ஒலிகளைக் கேட்கத் தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தை, அந்நிய ஸ்திரீயின் குரலைவிடத் தன் தாயின் குரலையே நாடுகிறதென்று 1980-ம் ஆண்டு அமெரிக்காவில் சோதித்து அறிந்தார்கள். நமக்கு இது புதுமையல்ல. எலிசபெத்தம்மாள் வயிற்றில் அருளப்பர் துள்ளியது, வாசலில் கேட்ட ஒரு வாழ்த்தொலிக்கு அன்றோ?

ஆகவே, “அதுக்கு என்ன தெரியும், பச்சைப் பிள்ளை” என்று பேசாதிருக்காதீர்கள். குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு என்று பேர் சொல்லுங்கள். அது “ங்கா” என்றால் நீங்களும் மறுமொழி சொல்லுங்கள். அது மறுபடி சொல்லும்வரை சற்றுப் பொறுங்கள். நம் பாட்டிமார் காலில் போட்டுக் குளிப்பாட்டியதும், தாலாட்டியதும், நிலாவைக் காட்டிச் சோறூட்டியதும் வெறும் விளையாட்டல்ல. அதுவே முதற் பள்ளிக்கூடம்.

இப்போது அந்த நிலாவின் இடத்தில் கைப்பேசி வந்துவிட்டது. பூசை நேரத்தில்கூடக் கடைசி வரிசையில் சில தொட்டிற் பிள்ளைகளின் முகத்தில் அந்த நீல வெளிச்சத்தைப் பார்க்கிறேன். “சாமி, அதுலயும் பேச்சுத்தானே கேக்குது? பாட்டு, கதை எல்லாம் வருதே” என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு சோதனையைச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டிப் பேசி விளையாடினார்கள். மற்றவர்களுக்கு அதே விதமான பேச்சைத் திரையில் காட்டினார்கள். இரு பகுதிக்கும் 12 முறை. 2003-ல் வெளியான முடிவு யாதெனில், ஆளோடு இருந்த குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையைப் பார்த்தவை கற்கவில்லை.

காரணம் கண்டுகொள்வது கடினமல்ல. திரை பேசும், பிள்ளைக்குப் பதில் சொல்லாது. பிள்ளை காக்கையைச் சுட்டிக் காட்டினால் திரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பாரா? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கொடுத்த ஆலோசனையும் இதுவே: இரண்டு வயது நிறையும்வரை திரை வேண்டாம், அதன்பின் நாலு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிஞ்ச வேண்டாம், குறைந்தால் நல்லது. ஒன்று மட்டும் விலக்கு. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தகப்பன்மார் நம் பங்கில் உண்டு. அவர்கள் திரையில் முகம் காட்டிப் பிள்ளையோடு பேசுவது வேறு. அங்கே கேள்விக்குப் பதில் வருகிறது. அப்படிப்பட்ட தகப்பன் “சாப்பிட்டியா? படிச்சியா?” என்று இரண்டு கேள்வியோடு நிறுத்தாமல், இராத்திரி ஒரு கதை சொல்லட்டும்.

வேறொரு சங்கதி. பேச்சு நிறைந்த வீடுகளிலும் சிலவற்றில் பிள்ளையின் காதில் விழுவதெல்லாம் “வா, போ, உக்காரு, தொடாதே, வாயை மூடு” என்பவையே. இது கட்டளை, சம்பாஷணை அன்று. சேசுநாதர் அம்மனிதனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனாரென்று கண்டோம். உங்கள் பிள்ளையையும் நாளுக்குப் பத்து நிமிஷமாவது தொலைக்காட்சிச் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தனியே வைத்துப் பேசுங்கள். முக்கியமாய் தகப்பன்மாருக்குச் சொல்லுகிறேன். இது பெண்பிள்ளைகள் வேலையென்று ஒதுங்கக் கூடாது.

வாசிப்புக்கு வருகிறேன். நம் எழுத்து 247 என்று பெற்றோர் மலைக்கிறார்கள். மூன்று வயதிலேயே பிள்ளையின் கையைப் பிடித்து “அ” எழுதவைத்து அழவைக்கிறார்கள். அவசரம் வேண்டாம். “பால்” என்னும் சொல்லையும் “பஸ்” என்னும் சொல்லையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே “ப”தான், ஓசையோ இரண்டு. எதை எப்படி உச்சரிப்பதென்று எழுத்து சொல்லாது. முன்பே கேட்டுப் பழகிய காதுதான் சொல்லும். தமிழ் வாசிக்கிறவன் கண்ணால் பாதியும் காதால் பாதியும் வாசிக்கிறான் என்றால் மிகையாகாது.

இன்னுமொரு தடை நமக்கு உண்டு. வீட்டிலே “வந்துட்டாங்க” என்கிறோம்; புத்தகத்திலே “வந்துவிட்டார்கள்” என்றிருக்கிறது. புத்தகத் தமிழைக் கேட்டே அறியாத பிள்ளை முதல் வகுப்பில் இதைக் காணும்போது, தன் பாஷையே அன்னியமாய்ப் போனதென்று திகைக்கும். மடியில் வைத்துக் கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டினால் இந்தத் திகைப்பு வராது. குடும்பமாய்ச் சொல்லும் செபமாலையும், இராத்திரியில் வாசிக்கும் சுவிசேஷமும் பிள்ளையின் காதுக்கு இதே உதவியைச் செய்கின்றன. இருந்தாலும் அதோடு நிற்கலாகாது. ஞானோபதேச வகுப்பில் நீண்ட செபங்களைத் தங்குதடையின்றிச் சொல்லும் பிள்ளைகள், புத்தகத்தைத் திறந்து அதே வரியைக் காட்டினால் வாயடைத்து நிற்கிறதைப் பார்க்கிறோம். ஆகவே செபம் சொல்லும்போது வரியின்கீழ் விரலை ஓட்டிக் காட்டுங்கள். 2022 முதல் அரசு ஆரம்ப வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது, நல்லதே. ஆனால் பள்ளியின் படி மிதிக்குமுன் உள்ள வருஷங்கள் உங்களுடையவை.

இங்கிலீஷ் விஷயம். நாங்கள் குருமடத்தில் தத்துவ சாஸ்திரத்தை இங்கிலீஷில்தான் கற்றோம். அதற்கு நான் விரோதியல்ல. ஒரு பிள்ளை இரண்டு பாஷையைத் தாராளமாய்க் கற்கும். ஆனால் உங்களுக்கே நூறு வார்த்தை மட்டும் தெரிந்த பாஷையில் “ஈட் பண்ணு, வாஷ் பண்ணு” என்று வளர்த்தால், பிள்ளைக்குக் கிடைப்பது அந்த நூறில் பாதி. நீங்கள் சிரிக்கவும் சண்டைபோடவும் பயன்படுத்துகிற பாஷையிலேயே பேசுங்கள். மாற்கு தம் சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதினார். ஆனால் இந்தச் சொல்லை மொழிபெயர்த்ததோடு விடாமல் அரமேயத்திலேயே எழுதிவைத்தார். நாசரேத்து வீட்டில் தேவமாதாவின் மடியில் கேட்ட பாஷை அது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கு ஒரு வார்த்தை. “எனக்கே தெரியாது, நான் எதை வாசிச்சுக் காட்டுறது?” என்று வெட்கப்படாதீர்கள். படத்தைப் பார்த்து நீங்களே கதை கட்டுங்கள். களையெடுத்த கதையையும், மீன் விற்ற கதையையும், உங்கள் தாயார் சொன்ன கதையையும் சொல்லுங்கள். அந்தச் சொற்களெல்லாம் பிள்ளையின் காதில் சேமிப்பாய் நிற்கும். நாளைக்கு எழுத்து தெரிந்ததும் எடுத்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். ஒரு வயதாகியும் குழந்தை மழலை பேசாவிட்டாலும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும், இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாவிட்டாலும், “அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனார்” என்று சும்மா இருப்பது ஆபத்து. முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வருகிறது. மேற்சிகிச்சைக்கு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வேண்டுதல் வையுங்கள், கூடவே வைத்தியரிடமும் போங்கள். காது கேளாமை எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு பேச்சு காப்பாற்றப்படும்.

வரும் ஞாயிறு முதல் இரண்டாம் பூசைக்குப் பின் ஞானோபதேச அறையில் ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகங்கள் இருக்கும். மரியாயின் சேனையார் பொறுப்பேற்றிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்று எடுத்துப்போய் அடுத்த ஞாயிறு மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. குழந்தை கடித்தாலும் கிழித்தாலும் கேள்வி கேட்கமாட்டோம். தகப்பன்மாரே வந்து எடுத்தால் எனக்கு அதிக சந்தோஷம்.