கல்லாவும் நிலவறையும்

பணக்காரச் சீமாட்டி ஒருத்தி கடைக்குள் வந்து, தன் பூட்ஸைத் தைத்தது யார் என்று கேட்கிறாள். ஏதோ குறை போலிருக்கிறது என்று முதலாளி ஹாப்சன் நெளிகிறார். தரையிலுள்ள பலகைக் கதவு திறக்க, நிலவறையிலிருந்து வில்லி மோசப்பின் தலை மேலே வருகிறது. மிரண்டு நிற்கும் அவனிடம், இனித் தனக்கு அவன்தான் தைக்க வேண்டும் என்கிறாள்.

டேவிட் லீன் 1954-இல் எடுத்த 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' படத்தின் காட்சி இது. ஹாரல்டு பிரிக்ஹவுஸின் நாடகத்தைத் தழுவிய கதை. நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சால்ஃபோர்டில். மூத்த மகள் மேகி, அப்பாவின் கைதேர்ந்த தொழிலாளியை அழைத்துப் போய், அவனையே மணந்து, போட்டிக்கடை வைக்கிறாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் அல்லவா இது?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஹாப்சன் தோல் கொடுத்தார், இடம் கொடுத்தார். அதற்கான லாபத்தையும் எடுத்துக்கொண்டார். மூன்று மகள்களும் சம்பளமில்லாமல் கடையைப் பார்த்துக்கொள்ள, அவர் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தார். சீதனம் கேட்பார்கள் என்றதும் மகள்களின் கல்யாணப் பேச்சிலிருந்து பின்வாங்கினார். வில்லியின் கைவேலை கடைச்சரக்கு அல்ல. அவன் போனால் கூடவே போகும். மேகியின் உழைப்பும் அப்படியே. (வில்லியின் சம்மதத்தை அவள் கேட்கவில்லை, ஏறக்குறைய உத்தரவு போட்டாள் என்பது தனி வழக்கு.) சீமாட்டி கடன் கொடுக்க, புதுக்கடையும் ஒரு நிலவறையில்தான் தொடங்குகிறது. இம்முறை கல்லாவும் கீழேயே இருக்கிறது.

மேகியின் நியாயம் இடிப்பது வேறிடத்தில். குடிபோதையில் ஹாப்சன் ஒரு தானியக் கிடங்கின் நிலவறைக்குள் விழுந்து தூங்கிவிடுகிறார். தங்கையை மணக்கவிருக்கும் வக்கீலைக் கொண்டு அத்துமீறல் வழக்கு என்று நோட்டீஸ் விட்டு, மானம் போய்விடும் என்ற பயத்திலேயே அவரை 500 பவுண்டு கக்கவைக்கிறாள் மேகி. அது தங்கைகளின் சீதனமாகிறது. பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் இத்தனை வருடக் கூலி பாக்கி என்று நேருக்கு நேர் கேட்டிருந்தால் அது உரிமை. குடிகாரனின் தள்ளாட்டத்தைப் பிடித்து வாங்கியது மிரட்டல். வரவேண்டிய பணம் என்பதாலேயே வந்த வழி சுத்தமாகிவிடாது.

கடைசியில் குடியால் உடம்பு கெட்ட ஹாப்சனைப் பார்த்துக்கொள்ள மற்ற மகள்கள் இருவரும் கைவிரிக்கிறார்கள். வருவது மேகியும் வில்லியும்தான், நிபந்தனையோடு: தொழிலில் பாதிப் பங்கு, நிர்வாகத்தில் மாமனார் தலையிடக்கூடாது. கடைப் பெயரில் ஹாப்சனை 'முன்னாள்' ஆக்கிவிடப் பார்க்கிறான் வில்லி. மேகி விடவில்லை, 'மோசப் அண்டு ஹாப்சன்' என்று முடிவாகிறது. தைத்தவன் பெயர் முதலில் வந்தது நியாயம். அப்பாவின் பெயரை அழிக்கவிடாமல் தடுத்ததில்தான், அந்த 500 பவுண்டுக்கு மேகி கொஞ்சமாவது ஈடு கட்டுகிறாள்.