அபயம் கொடுத்த பிறகே பாடம்

புதிதாக ஆசிரியப் பணிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே! கீழக்குயில்குடி அய்யனார் கோயில் ஆலமரத்தடியில், சமணர் மலையின் காலடியில் உட்கார்ந்திருக்கிறோம். வகுப்புக்குள் போகுமுன் இந்த மலையிலுள்ள செட்டிப்புடவுக் குகை வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்குள்ள தீர்த்தங்கரர் திருமேனியின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. குரண்டி அஷ்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இந்தக் கனகவீரர் குயில்குடி ஊரார் பேரில் செய்வித்த திருமேனி அது. தம் பெயருக்கு முன்னால் இரண்டு தலைமுறை ஆசிரியர்களைச் சொல்லிவிட்டுத்தான் தம்மைச் சொல்கிறார். அந்த மூத்தவரோ 'அஷ்டோபவாசி' என்று நோன்பாலேயே பெயர் பெற்றவர். கட்டுப்பாட்டைத் தம்மேல் சுமந்தவர். நமக்கும் அதுதான் வழி. பாடத்தை முந்தின இரவே படித்துவையுங்கள். மணி அடிக்கும்போது வகுப்பில் இருங்கள். செல்போன் பைக்குள் கிடக்கட்டும்.

சமணர்கள் உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என்று நான்கு தானம் சொல்வார்கள். நமக்குச் சம்பளம் கடைசியானதற்குத்தான். ஆனால் மற்ற மூன்றும் இல்லாமல் அது பிள்ளையிடம் போய்ச் சேராது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. அப்படியும் முதல் பாடவேளையில் கண் சொருகும் பிள்ளை இருக்கும், "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிற பிள்ளையை முன்வரிசைக்கு மாற்றுங்கள், வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

அபயத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பிரம்பைக் கீழே போட்டவர்களில் சிலர் நாக்கால் அடிக்கிறார்கள். "உங்க அக்கா எப்படிப் படிச்சா, நீ ஏன் இப்படி?" இந்த அடி ஆறாது.

ஒரு பெண் பிள்ளை ஏழெட்டு 54 என்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. முதலில் அந்தச் சிரிப்பை நிறுத்துங்கள். பிறகு, "எப்படி வந்துச்சு, சொல்லும்மா" என்று கேளுங்கள். ஆறெட்டு 48 என்று சரியாகத்தான் வந்திருப்பாள்; 8 கூட்டுவதற்குப் பதில் 6 கூட்டியிருப்பாள். முக்கால் பங்கு வழி அவளுக்குத் தெரிந்திருக்கிறது! அதைச் சொல்லிப் பாராட்டிவிட்டு மிச்சத்தைக் காட்டுங்கள். நாளைக்கும் கை தூக்குவாள்.

சத்தம் போட்டுச் சத்தத்தை அடக்க முடியாது. பேச்சை நிறுத்தி, பேசுகிற பிள்ளையின் அருகே போய், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அதற்கு முதல் வாரத்திலேயே எல்லார் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். தடுமாறினால் மூத்த ஆசிரியரிடம் போங்கள். அவர் வகுப்பின் பின்பெஞ்சில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.