மறைக்கும் வித்தையும் காட்டும் வித்தையும்

கைத்தொழில் அறிவு யாருக்கு உரியது? கற்றவனுக்கா, கற்க விரும்பும் அனைவருக்குமா? பழைய வினாத்தான், ஆயினும் இன்று அது புதியதோர் இடத்தில் எழுந்துள்ளது. வால்வுகள் பொருத்திய பழைய கிற்றார் ஒலிபெருக்கிகளைப் பிரித்துப் பழுது பார்த்து, பின்னர் அவற்றை ஒலிக்கச் செய்தும் காட்டுகின்ற காணொளி அலைவரிசைகள் மேலை நாடுகளிற் பல உள. தொழிலாளி தன் மேசையை உலகத்தாரின் கண்முன் விரித்து வைத்துவிட்டான். இது தன் சோற்றில் தானே மண் அள்ளிப் போடும் செயல் என்பர் சிலர்.

நாம் அவ்வாறு கருதவில்லை. இக்கருவிகளின் வரலாறே அதற்குச் சான்று. லியோ பென்டர் 1938இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தவர். பிறர் செய்த வானொலிகளைத் திருத்திப் பழகிய கைகளே பின்னர் ஒலிபெருக்கிகளைச் செய்தன. அவரது ‘பாஸ்மன்’ ஒலிபெருக்கியின் மின்சுற்றைப் பின்பற்றியே, 1960களின் தொடக்கத்தில், லண்டன் ஹான்வெல் பகுதியிலிருந்த ஜிம் மார்ஷலின் கடையார் தம் முதல் ஒலிபெருக்கியை அமைத்தனர். பலர் கைபட்டு வளர்ந்த அறிவைப் பூட்டிவைக்க ஒருவனுக்கு என்ன உரிமை? பசிக்கு அஞ்சி வித்தையை மறைத்தவனை நாம் பழிக்கவில்லை; அவனை அவ்வாறு அஞ்சவைத்த சமுதாய அமைப்பே பழிக்குரியது.

ஆனால், எளிதில் ஒதுக்கமுடியாத ஆட்சேபம் ஒன்றுண்டு. இத்தகைய பெட்டிகள் பலவற்றினுள் 400 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் கண்டென்சர்கள் அதனைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அறியாது தொடுபவனின் உயிரையும் அது குடிக்கலாம். பட்டறையில் ஆசான் மாணவனின் கையைப் பிடித்துத் தடுப்பான். காணொளியிற் பேசுபவனோ தன் மாணவனின் முகத்தையும் அறியான்.

இதற்கு மறைத்தல் மருந்தன்று; முழுமையாகச் சொல்லுதலே மருந்து. தேங்கிய மின்னைத் தக்க தடையொன்றின் வழியே வடியவிட்டு, மானியால் அளந்து பார்த்த பின்னரே கைவைக்கவேண்டும் என்பதை முதலிற் கூறவேண்டும். பழகாதவன் தொடலாகாது என்பதையும் கூறவேண்டும். எதை மாற்றினான் என்பதோடு நில்லாது, ஏன் மாற்றினான் என்பதையும் விளக்கவேண்டும்.

காட்டுதல் வேறு, கற்பித்தல் வேறு. பார்வையாளரின் தொகையே வருவாயை நிர்ணயிக்கும்போது, வியப்பூட்டுவதை மட்டும் காட்டும் ஆசை எழுவது இயல்பு. எத்தனை உறுப்புகளை மாற்றியும் இரைச்சல் நீங்காத மணித்தியாலங்களை வெட்டியெறிந்து, இனிய நாதம் எழும் இறுதிக் கணத்தை மட்டும் காட்டுபவன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வித்தையை மறைக்கின்றான். பார்ப்போர் அவனை வியப்பர், அவனிடம் கற்கமாட்டார்.

லியோ பென்டர் 1991இலும், ஜிம் மார்ஷல் 2012இலும் மறைந்தனர். அவர்களது பழைய பெட்டிகள் இன்னும் ஒலிக்கின்றன. இனியும் ஒலிக்கவேண்டுமாயின் புதிய கைகள் வேண்டும். தன் தோல்வியையும் மறையாது காட்டும் தொழிலாளியே அக்கைகளை உருவாக்குவான்.