விளையாட்டும் வாக்குமூலமும்

விருந்துக்குக் கூடியவர்கள் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ அறைக்குள் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி இங்கே எழுதுவது சில நண்பர்களுக்கு முகச்சுளிப்பை உண்டாக்கலாம். சங்கீத நாற்காலியும் பாட்டுக்குப் பாட்டும் வாரப் பத்திரிகைகளின் விஷயம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் பத்துப் பேர், ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் ஒரு சட்டத்தைத் தங்களுக்குள் போட்டுக்கொண்டு, அதற்குக் கட்டுப்பட்டு நடக்கும்போது நிகழ்வது என்ன என்ற கேள்வி அப்படி ஒதுக்கிவிடக் கூடியதல்ல. அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லப்பட்டதற்கு யார் பொறுப்பு? விளையாட்டில் சொன்ன பொய், பொய்தானா? இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது: விளையாட்டில் சொன்ன உண்மை, உண்மைதானா?

பொய்யைப் பற்றிய கேள்வி அவ்வளவு சிரமமில்லை. 1980களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கிய 'மாஃபியா' என்ற ஆட்டம் இன்று உலகம் முழுவதும் ஆடப்படுகிறது. கொலைகாரர்கள் சிலர், அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். மற்றவர்கள் பலர், அவர்களுக்கு எதுவும் தெரியாது. இரவு என்று சொன்னதும் எல்லாரும் கண்ணை மூட, கொலைகாரர்கள் மட்டும் விழித்து ஒருவரைத் தேர்ந்து தீர்த்துக்கட்டுகிறார்கள். பகலில் கொலைகாரன் யார் என்று விவாதித்து, வாக்கெடுத்து ஒருவரை வெளியேற்ற வேண்டும். நன்றாகப் பொய் சொல்கிறவனை இந்த ஆட்டத்தில் பாராட்டுகிறோம். பொய் சொல்லப்படும் என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியுமாதலால் இங்கே யாரும் ஏமாற்றப்படுவதில்லை, தோற்கிறார்கள், அவ்வளவே. (முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தன் கணவன் இருபது நிமிஷம் பொய் சொன்னதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணின் யோசனை வேறு விஷயம்.)

ஸர்ரியலிஸ்டுகள் பாரீஸில் 1925ல் ஆடத் தொடங்கிய 'அழகிய பிணம்' இன்னும் சுலபம். மடித்த காகிதத்தில் ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்க்காமலேயே தொடர்ந்து எழுத வேண்டும். பிறக்கும் வாக்கியத்துக்குத் தகப்பன் கிடையாது. பொறுப்பு என்ற பிரச்னையே எழாமல் செய்துவிடுகிற ஆட்டம். பிரெத்தோனுக்கு அதில் கிடைத்த சந்தோஷம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். எனக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை.

உண்மையைச் சொல்ல வைக்கும் ஆட்டங்கள்தாம் சங்கடமானவை. இவற்றைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் போவது டாஸ்டாவ்ஸ்கியின் 'இடியட்' நாவலுக்கு. 1868-69ல் தொடராக வந்த அந்த நாவலின் முதல் பாகத்தில், நஸ்தாஸ்யா ஃபிலிப்போவ்னாவின் இருபத்தைந்தாவது பிறந்தநாள் இரவில், ஃபெர்திஷெங்கோ என்ற கோமாளி ஒரு ஆட்டத்தை முன்வைக்கிறான். அந்த வரவேற்பறைகளின் வழக்கப்படி இதற்குப் பிரெஞ்சுப் பெயர்: பெதீ ழூ, சிறு விளையாட்டு. ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் செய்த ஆக இழிவான காரியத்தைச் சொல்ல வேண்டும். பெண்கள் விரும்பினால் சொல்லலாம். சீட்டுப் போட்டு வரிசை தீர்மானமாகிறது. முன்பு ஓரிடத்தில் இதை ஆடியபோது பலர் நிஜத்தையே, அதுவும் ஆனந்தமாகச் சொன்னார்கள் என்றும், பிறகு வெட்கம் தாங்காமல் போய்விட்டது என்றும் அவனே எச்சரிக்கிறான். ஆட்டத்தின் விதிகளோடு அதன் தோல்வியையும் சேர்த்தே அறிவிக்கிறவன் அவன்.

முதல் சீட்டு அவனுக்கே. ஒரு வீட்டில் விருந்தாளியாக இருந்தபோது தையல் மேஜைமேல் கிடந்த மூன்று ரூபிள் நோட்டை எடுத்துக்கொண்டான். தார்யா என்ற வேலைக்காரியின் மேல் சந்தேகம் விழுந்தது. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடு என்று அவளுக்கு உபதேசமும் செய்தான். அன்றிரவே அந்தப் பணத்தில் ஒரு போத்தல் ஒயின் குடித்தான். அவள் வேலையிலிருந்து விரட்டப்பட்டாள். கேட்டவர்களுக்கு அருவருப்பு. ஆட்டத்தின் விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவனுக்குக் கிடைத்த பரிசு அதுதான். அவன் கோபித்துக்கொள்வதில் நியாயமுண்டு.

இரண்டாவது சீட்டுக்காரர் மறுத்துவிடுகிறார். அடுத்து தளபதி எபான்ச்சின். இளம் அதிகாரியாக இருந்தபோது, ஒரு கிழவி தன் கிண்ணத்தை வைத்துக்கொண்டுவிட்டாள் என்று ஓடிப்போய்ப் பட்டாளத்து வசைகளையெல்லாம் அவள்மேல் கொட்டினார். அவள் கன்னத்தில் கை வைத்தபடி பதிலே பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் செத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரியவந்தது. மனசு கேட்காமல், பல வருஷங்கள் கழித்து, நோயாளிக் கிழவிகள் இருவரைத் தன் செலவில் விடுதியில் வைத்துப் பராமரிக்க ஏற்பாடு செய்ததையும் சேர்த்துச் சொல்கிறார். பாவமும் பிராயச்சித்தமும் ஒரே கதைக்குள் அடங்கி, கணக்குத் தீர்ந்துவிடுகிறது. இவர் அன்று நஸ்தாஸ்யாவுக்கு முத்துக்களைப் பரிசளித்திருக்கிறார். என்ன எதிர்பார்ப்பில் என்பது நமக்குத் தெரியும்.

கடைசியில் தோத்ஸ்கி. ஒரு நடன விருந்துக்காக ஒரு பெண் ஆசைப்பட்ட சிவப்புக் கமேலியாப் பூக்களை, அவளைக் காதலித்த இளைஞனுக்கு முந்திக்கொண்டு போய்த் தான் வாங்கிவிட்ட கதை. இளைஞன் மனமுடைந்து காக்கஸஸுக்குப் போய், பிறகு கிரிமியாவில் போரில் இறந்தான். அழகாக, அளவோடு, ஒரு சோக ரசத்தோடு சொல்லப்படுகிறது. சிறுகதைப் போட்டிக்கு அனுப்பலாம்.

தோத்ஸ்கி செய்த ஆக இழிவான காரியம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. அநாதையாகத் தன் பொறுப்பில் வளர்ந்த பெண்ணை, அவளுக்குப் பதினாறு வயது நடக்கும்போதே ஒரு கிராமத்து வீட்டில் குடிவைத்து, கோடைதோறும் போய் வந்தவர் அவர். இப்போது தனக்கு ஒரு கௌரவமான கல்யாணம் வேண்டுமென்பதற்காக, எழுபத்தைந்தாயிரம் ரூபிளோடு அவளை இன்னொருவன் தலையில் கட்டப் பார்க்கிறார். அறையில் உள்ளவர்களுக்கு இது தெரியும். நஸ்தாஸ்யாவுக்குத் தெரியும். தெரியும் என்பது தோத்ஸ்கிக்கும் தெரியும். அவர் சொன்ன கமேலியாக் கதையில் ஒரு தகவல்கூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பொய் வேறிடத்தில் இருக்கிறது, தேர்வில். 'ஆக இழிவானது' எது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை ஆட்டம் குற்றவாளியிடமே கொடுத்துவிடுகிறது. மேலும், ஒருவன் சொல்லி முடித்ததும் குறுக்கு விசாரணை கிடையாது. தார்யா எங்கே போனாள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அடுத்த சீட்டு யாருடையது என்பதுதான் கேள்வி.

டச்சு வரலாற்றாசிரியர் ஹய்சிங்கா 1938ல் விளையாட்டைப் பற்றி எழுதிய நூலில் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவன் கள்ளாட்டம் ஆடுகிறவன், நம் குழந்தைகள் அழுகுணி ஆட்டம் என்று சொல்வது. இவன் விதிகளுக்குக் கட்டுப்படுவதாகவாவது பாவனை செய்கிறான், ஆகவே மன்னிக்கப்படுகிறான். மற்றவன் ஆட்டத்தையே கலைக்கிறவன். ஆட்டம் என்ற மாய வட்டம் எவ்வளவு மெலிதானது என்று காட்டிவிடுவதால் அவனைச் சமூகம் பொறுப்பதில்லை. இந்த அறையில் தோத்ஸ்கி அழுகுணி. கலைக்கிறவள் நஸ்தாஸ்யா. தான் சொல்வதாக வாக்களித்த கதைக்குப் பதிலாக, கான்யாவைக் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா வேண்டாமா என்று அன்றுதான் அறிமுகமான மிஷ்கினிடம் கேட்கிறாள். வேண்டாம் என்கிறான். சரி, வேண்டாம் என்று முடித்துவிடுகிறாள். இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒரு பெதீ ழூவில் தீர்ப்பதா என்று பதறுகிறார்கள். தன் கதையைத்தான் சொன்னேன், இதைவிட முக்கியமாக வேறென்ன இருக்க முடியும் என்பது அவள் பதிலின் சாரம். முத்துக்கள் தளபதியிடமே திரும்புகின்றன. பிறகு ரகோஷின் வருகிறான், லட்சம் ரூபிள் கட்டு நெருப்பில் விழுகிறது. அந்த ஆர்ப்பாட்டத்தைப் பற்றித்தான் விமர்சகர்கள் எழுதுகிறார்கள். எனக்கோ எல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அவள் ஒருத்திதான் சொன்னதற்குப் பிறகு எதையோ இழந்தாள். மற்றவர்கள் சொல்லிவிட்டுத் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சுயத்தைத் திறந்துகாட்டும் எழுத்து என்று நம்மிடையே புழங்கிவரும் வகையைப் பற்றி எனக்குள்ள சந்தேகத்துக்கும் வேர் இங்கேதான். தன் கோழைத்தனத்தை, துரோகத்தை, வக்கிரத்தைக் கவிதையில் ஒப்புக்கொள்கிறவரை நேர்மையானவர் என்று உடனே சொல்லிவிடுகிறோம். அது தோத்ஸ்கியின் நேர்மையா, ஃபெர்திஷெங்கோவின் நேர்மையா என்று கேட்பதில்லை. துரோகம் செய்யப்பட்டவர் அந்த இதழைப் படிப்பாரா என்றும் கேட்பதில்லை. கவிதை வந்த அடுத்த இதழில் இன்னொருவர் சீட்டு எடுக்கிறார். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதைப் பார்த்துவிடுவதுதான் முறை.

1984 டிசம்பரில் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை ஒன்றில் ஏழு பேர் இருந்தோம். மழை. கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இந்த ஆட்டத்தை ஆடலாம் என்று சொன்னவன் நான்தான். நாவலைப் புதிதாகப் படித்திருந்த மிதப்பு. சிகரெட் அட்டையைக் கிழித்து எண் எழுதினோம். ஒரு நண்பர், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாளன்று, பக்கத்தில் இருப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு மாட்னி ஷோவுக்குப் போனதைச் சொன்னார். இடைவேளையில் வெளியே வந்து டீ குடித்தது வரைக்கும் சொன்னார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் யாரோ, "நாலாம் நம்பர் யாரு?" என்றார்கள்.

நாலாம் நம்பர் நான். கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தை வேட்டிக்குள் செருகிக்கொண்டு வந்த கதையைச் சொன்னேன். வாசலில் நூலகரே நிறுத்தி, தொப்பை போட்டுவிட்டதே தம்பி என்று விசாரித்ததைச் சொன்னதும் அறையே சிரித்தது. அப்பா இறந்த கதை சொன்னவரும் சிரித்தார். நன்றாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சிரித்தவர்களில் ஒருவர் அதற்கு மூன்று வருஷம் முன்பு தன் நாவலின் கையெழுத்துப் பிரதியை என்னிடம் படிக்கக் கொடுத்திருந்தார். இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள். கார்பன் வைத்து எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு ராத்திரி பஸ்ஸில் அதைத் தவறவிட்டேன். அவரிடம் சொன்னது வேறு: பதிப்பகத்தோடு சம்பந்தமுள்ள ஒருவரிடம் கொடுத்தேன், அவர் திடீரென்று டில்லிக்கு மாற்றலாகிப் போய்விட்டார், எழுதிக் கேட்கிறேன். அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. கொஞ்ச காலம் விசாரித்துக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார். அந்த நாவலை அவர் மறுபடி எழுதவில்லை. வேறு எதுவும் பெரிதாக எழுதவில்லை. அதனால்தான் எழுதவில்லை என்று நான் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

அன்றிரவு அவருடைய சீட்டு ஆறு. தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அட்டைத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது மேலே உள்ள இரண்டு பத்தி இதில் இல்லை. அவற்றை எழுதிய பிறகு, அச்சுக்குக் கொடுத்துவிட்டு அவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது பெதீ ழூவின் இன்னொரு சுற்று ஆகிவிடும் என்று தோன்றியது. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். கண்புரைக்கு ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். காப்பி வந்தது. சொன்னேன்.

கொஞ்ச நேரம் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த பஸ்?" என்றார்.

சொன்னேன்.

"எத்தனை மணிக்கு?"

"பத்தரை இருக்கும். அதுதான் கடைசி வண்டி."

"கடைசி வண்டின்னா நேரா டிப்போவுக்குத்தானே போயிருக்கும். மறுநாள் டிப்போவுல போய்க் கேட்டியா?"

"இல்லை" என்றேன்.