பர்ளு கிஃபாயாவும் பதின்பருவ மனச்சோர்வும்

இஸ்லாமியச் சட்டவியல் கடமைகளை இருவகையாகப் பிரிக்கிறது: தொழுகையும் நோன்பும் போல ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது பர்ளு ஐன், இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை போல ஊரில் சிலர் செய்தால் அனைவரின் பொறுப்பும் நீங்கி, ஒருவரும் செய்யாவிடில் அனைவரையும் குற்றம் சேர்வது பர்ளு கிஃபாயா. மருத்துவத்தை இமாம் கஸ்ஸாலி இரண்டாம் வகையில் வைத்தார்.

பாக் விரிகுடாக் கரையிலுள்ள திருப்பாலைக்குடி போன்றதோர் ஊரில், பதின்வயதுப் பிள்ளை உறக்கம் கெட்டு, படிப்பிலும் விளையாட்டிலும் நாட்டமிழந்து வாரக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும்போது, அதனை ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், குறையெனக் கருதி, தொழுது தானே தேறட்டும் என விட்டுவிடுவது கிஃபாயாவை ஐனாக்கும் பிழையாகும். மகன் யூசுஃபைப் பிரிந்து கண்ணொளி இழந்த யஃகூப் நபியின் ஈமானை எவரும் குறைசொல்வதில்லை. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீயோ, காரணம் தெரிந்த துயரத்திலிருந்து காரணம் புலப்படாத துயரத்தைப் பிரித்து, பின்னதற்கு உடல்சார் சிகிச்சையை வகுத்தார்.

ஆனால் கூட்டுக் கடமைக்கு ஒரு பலவீனம் உண்டு: மற்றவர் செய்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், குணம் வேண்டித் தர்காவை நாடி வந்தோரை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் 28 பேர் தீயில் மாண்டனர்; குடும்பம், தர்கா, அரசு என மூன்றும் இருந்தும் பொறுப்பாளர் எவருமில்லை. கூட்டுப் பராமரிப்பு எனப்படும் முறை இந்த இடைவெளியையே அடைக்கிறது. ஆரம்ப சுகாதார மருத்துவர் சிகிச்சை தொடங்க, ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நோய்க்குறிகளை வினாப்பட்டியலால் அளந்து, வராதவரைத் தேடிச் சென்று, தேறாதவரைப் பற்றி மனநல மருத்துவரிடம் ஆலோசிப்பார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 முதல் 17 வயது வரையுள்ள 101 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இம்முறையில் ஏறத்தாழப் பாதிப்பேரும், வழக்கமான கவனிப்பில் ஐந்தில் ஒருவரும் நோய்க்குறி நீங்கித் தேறினர்.

ஏர்வாடியிலேயே பின்னர் மருந்தையும் பிரார்த்தனையையும் இணைக்கும் ‘தவா-துஆ’ திட்டம் வந்ததால், மார்க்க அறிஞரான ஆலிமுக்குக் கூட்டுப் பராமரிப்புக் குழுவில் இடமில்லை என்பதற்கில்லை. நோயை நோயென்று அவர் சொன்னால் பெற்றோர் தயங்காமல் வருவர். எனினும் ஓதுதல் சிகிச்சைக்குத் துணையே, மாற்றன்று. கர்ப்பிணிகளைப் பதிவேட்டில் குறித்து வீடு தேடிச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியரின் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதால், பதின்பருவ மனச்சோர்வுக்கும் அவ்வாறே ஒரு பதிவேட்டையும், பெயர் குறித்த ஒரு பொறுப்பாளரையும் ஏற்படுத்துவதே முதலில் செய்யத்தக்கது.