நேரமும் ஓர் அமானிதம்

அஸர் தொழுகை முடிந்த சற்று நேரத்திற்கெல்லாம் நம் ஊர் மைதானங்களில் இளைஞர்களின் ஆரவாரம் கேட்கத் தொடங்குகிறது. கால்பந்து, கைப்பந்து, கபடி, கிரிக்கெட் என்று வளரும் பிள்ளைகள் ஓடியாடி உடலை உரப்படுத்திக்கொள்வது மகிழ்ச்சிக்குரியதே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்பெய்யப் பழகுவதை ஊக்குவித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். ஆகவே விளையாட்டைக் குறை கூற நாம் முன்வரவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒரே ஒரு கேள்வி: ஆறு மணிக்கு முடியும் என்று சொன்ன பயிற்சி ஆறரைக்கும் முடியவில்லையானால், அந்த அரை மணி நேரம் யாருக்குச் சொந்தமானது?

"இதென்ன பெரிய விஷயம்? பிள்ளைகள் விரும்பித்தானே நிற்கிறார்கள்! பயிற்சி தருபவரும் பலன் பாராமல் பாடுபடுகிறாரே!" என்று சிலர் கேட்கலாம். அவருடைய உழைப்புக்கு நாமும் நன்றி சொல்கிறோம். ஆனால் பிள்ளைகள் விரும்பித்தான் நிற்கிறார்களா? அடுத்த போட்டிக்கு யார் யார் ஆடுவது என்று முடிவு செய்பவரும் அவரேதான். அவரிடம் போய், "சார், நேரமாகிவிட்டது, நான் போகிறேன்" என்று சொல்லும் துணிவு பதினான்கு வயதுப் பையனுக்கு எங்கிருந்து வரும்? அஞ்சி நிற்பவனின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

மைதானத்துக்கு வெளியே நிற்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். வேலை விட்டு நேரே வந்து, வண்டியோடு காத்திருக்கும் தந்தை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கும் தாய். மஃரிபுக்குப் பின் ஓதிக்கொடுக்கக் காத்திருக்கும் உஸ்தாது. பக்கத்து ஊர்ப் பையன் தவறவிட்ட பேருந்து. இவர்களில் ஒருவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லையே!

இங்கே முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. தம் மக்களுக்கு இமாமாக நின்ற அவர்கள், ஒருநாள் இரவுத் தொழுகையில் மிக நீண்ட அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் ஜமாஅத்திலிருந்து விலகித் தனியே தொழுதுவிட்டுச் சென்றார். அவரை நயவஞ்சகர் என்று முஆத் (ரலி) அவர்கள் பழித்தார்கள். விஷயம் நபிகளாரிடம் வந்தது. அண்ணலார் கண்டித்தது விலகிச் சென்றவரை அல்ல, நீட்டியவரைத்தான்! பின்னால் நிற்பவர்களில் முதியவர், பலவீனர், அலுவல் உள்ளவர் எல்லாரும் இருப்பார்கள் என்று உணர்த்தி, சிறிய அத்தியாயங்களை ஓதும்படி பணித்தார்கள்.

சிந்தியுங்கள் சகோதரர்களே! நீட்டப்பட்டது வீண் விளையாட்டல்ல, இறைவனின் வேதம். நீட்டியவரோ மார்க்கச் சட்டங்களை ஆழ்ந்தறிந்த பெரும் ஸஹாபி. அவருக்கே அந்த உரிமை இல்லையென்றால், பந்தைக் கையில் வைத்திருப்பவருக்கு எங்கிருந்து வந்தது? நேரத்திற்குப் புறப்பட்ட பையனை "ஒழுங்கில்லாதவன்" என்று ஏசும்போது, அன்று நடந்த அதே தவறுதானே மைதானத்தில் திரும்பவும் நடக்கிறது?

தொழுகையின் நிலை என்ன? சென்னையில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைவது மாலை சுமார் 6.40 மணிக்கு. நவம்பர் நடுவிலோ சுமார் 5.40க்கே மறைந்துவிடுகிறது. ஒரு மணி நேர வித்தியாசம்! ஆண்டு முழுவதும் "ஆறு மணிவரை" என்று எழுதி வைத்தால், கோடையில் தப்பிய மஃரிப் மழைக்காலத்தில் சிக்கிக்கொள்ளும். போர்க்களத்தில் எதிரி எதிரே நிற்கும்போதும் முறை வைத்துத் தொழக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. ஒரு பயிற்சி அதைவிடப் பெரிதா?

"மைதானத்திலேயே ஜமாஅத் வைத்துவிடுகிறோம்" என்பார்கள் சிலர். நல்லதே. ஆனால் அதனால் வக்து காப்பாற்றப்படுமே தவிர, வாக்கு காப்பாற்றப்படாது. தொழுகை அல்லாஹ்வின் ஹக்கு. காத்திருப்பவரின் நேரம் அடியார்களின் ஹக்கு. முன்னதை நிறைவேற்றிவிட்டதால் பின்னது தள்ளுபடியாகிவிடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாமதமாக முடிவதன் வேர், பெரும்பாலும் தாமதமாகத் தொடங்குவதில் இருக்கிறது. நாலரைக்கு வந்த பையன், ஐந்து மணிக்கு வருபவனுக்காகக் காத்திருக்கிறான். பிறகு அவனுக்காகவே ஆறரை வரை நிற்கிறான். ஒழுங்காக வந்தவனுக்கு இரட்டைத் தண்டனை! பெற்றோரும் பிள்ளைகளும் தங்கள் பங்கை உணரவேண்டும்.

கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். இடையில் வீணான நேரத்தை மட்டுமே நடுவர் கூட்டித் தருவார். அவர் ஒரு நிமிடம் அதிகம் தந்துவிட்டாலும் "அநியாயம்!" என்று கொதித்தெழுபவர்கள், தங்கள் பயிற்சியில் விசில் ஊத மறந்துவிடுவது வேடிக்கையல்லவா?

செய்யவேண்டியது கடினமானதல்ல. மஃரிபிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மாதந்தோறும் முடிவு நேரத்தைக் குறியுங்கள். சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். களைத்த கால்தான் எளிதில் சுளுக்கும் என்பதையும் மறவாதீர்கள். போட்டி நெருங்கி, கூடுதல் நேரம் தேவையென்றால் முதல் நாளே பெற்றோருக்குத் தெரிவியுங்கள். இயலாதவனை அணியிலிருந்து ஒதுக்காதீர்கள்.

வாக்குறுதிகளைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருமறை எச்சரிக்கிறது. "ஆறு மணிக்கு அனுப்பிவிடுவேன்" என்பதும் ஒரு வாக்குறுதியே. பெரியவர்கள் சொன்ன சொல்லைக் காப்பதைப் பிள்ளைகள் மைதானத்திலும் கண்டு பழகட்டும். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நேரங்களில் பரக்கத்தையும், பிறர் நேரத்தைப் பேணும் நற்குணத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.